ஏழாம் எண்

ஆலங்குளம் கண்காட்சிக்கு
நேற்றுச் சாயந்தரமே கறவையை நிறுத்திவிட்டேன்.
மடி தளும்பி நின்றால் பித்தளை அண்டா நமக்குத்தான்
என்றான் தரகன் தளவாய்.
"ஒழுகுச்சுன்னா காம்புக்கு ஒரு சொட்டு,
செருப்புக்கு ஒட்டுத பசைதான்.
எவன் வே குனிஞ்சு பாக்கப் போறான்?"

கன்றை வேலிக்கு அந்தப்பக்கம் கட்டினேன்.
ராத்திரி முழுக்க அது கத்தவில்லை.
கத்தியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பந்தலில் ஏழாம் எண்.
பின்னங்காலை அகட்டி நின்றது மாடு.
என்ன கம்பீரம், என்றது ஒலிபெருக்கி.
மாட்டுக்கும் எனக்கும் தெரியும்
அது என்னவென்று.

டாக்டரம்மா குனிந்தார்.
நகத்தால் சுரண்டினார்.
மீன் செதில்போல உதிர்ந்தது பசை.
என்னைப் பார்க்காமலே, "பேரு?"
சொன்னேன்.
"உங்க பேரு இல்ல. மாட்டுப் பேரு."

ஆவுடை.

அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு
எட்டாம் எண்ணுக்குப் போய்விட்டார்.

பந்தலுக்குப் பின்னால், புளிய நிழலில்,
வெந்நீரில் துண்டை நனைத்து
ஒவ்வொரு காம்பாய்த் துடைத்தேன்.
டீக்கடைக்காரன் வெந்நீருக்குக் காசு வாங்கவில்லை,
பேசவும் இல்லை.
கறக்க வாளி கொண்டுவரவில்லை நான்.
வரும்போது அண்டா இருக்குமே என்று.

மண்ணில்தான் கறந்தேன்.
முதல் பீச்சலில் லேசாக ரத்தம்.
செம்மண் வெளுத்து, நுரைத்து, குடித்தது.
ஒலிபெருக்கியில் யாருக்கோ கைதட்டினார்கள்.

உதைத்திருக்கலாம் அவள்.
வசமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் காம்பில் பாதி விட்டேன்.
வேலிக்கு அந்தப்பக்கம்
ஒருத்தன் நிற்கிறான்.