ஒற்றைக் கோடு

ரிச்சி தெருவில் ஹபீப் கடை.
கண்ணாடிக்கு அடியில் மூன்று நிறத்தில் சிம் அட்டைகள்,
ஒரு செத்த ஈ.
"எத எடுத்தாலும் ஃபுல் டவர், மேடம்."
போட்டுக் காட்டினார். பொய்யில்லை.
ரிச்சி தெருவில் எல்லாவற்றுக்கும் நான்கு கோடு.

"யார் பேருக்கு?"
என் பேருக்குத்தான். ஆனால்
பேசப்போவது நானில்லை, ஒரு குளிர்பெட்டி.
ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் தாண்டி,
பேருந்து திரும்பி நிற்கும் இடத்தில்
ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்.
அங்கே தட்டம்மை ஊசியும் போலியோ சொட்டும்
இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே
குளிரில் உட்கார்ந்திருக்கும்.
எட்டைத் தாண்டினால் பெட்டி எனக்குச் செய்தி அனுப்பும்.
அதற்குத்தான் சிம்.

ஹபீப் சிரிக்கவில்லை.
"மாசம் எவ்ளோ பேசும்?" என்றார்.

போன சிம்மை அலுவலகம் தேர்ந்தெடுத்தது,
கிண்டியில், ஏசி அறையில், வரைபடம் பார்த்து.
வரைபடத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே நிறம்.
மலைக்கும் பூசியிருந்தார்கள்.
சாத்தனூர் அணைத் தண்ணீருக்கும் பூசியிருந்தார்கள்.
மீன்கள் பேசிக்கொள்ளலாம்.

ஆனி மாதக் காற்றில் கம்பம் சாய்ந்து
மூன்று நாள் கரண்ட் இல்லை.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன்.
நான் போனபோது செவிலியர் பூங்குழலி
முந்நூற்று நாற்பது டோஸ்களை எண்ணி எண்ணி
சிவப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னை அவள் திட்டவில்லை.
எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் இருக்கலாம்.

கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
கீழே இறங்கினேன்.
போளூர் நெருங்கும்போது, ஜன்னலோரத்தில்,
என் போன் துடிக்கத் தொடங்கியது.
எட்டு புள்ளி மூன்று.
ஒன்பது புள்ளி ஒன்று.
பன்னிரண்டு.
பதினேழு.
மூன்று நாளாக அது கத்தியதெல்லாம்
என் மடியில் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தது.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்,
"என்னங்க, ஊர்ல எதாவது…?"

ஆகவே ஹபீபிடம் எதையும் வாங்காமல்
மறுநாள் விடிகாலை நாலு மணிக்குக் கோயம்பேடு போனேன்.
பலாப்பழ லாரிகளுக்கு நடுவே,
சேற்றில், சக்கைகளை மிதித்துக்கொண்டு,
ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டேன்:
அண்ணே, மலையில எது எடுக்குது?
ஒருவர் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை என்றார்.
ஒருவர் மழைக்கு முன்னாடி சிவப்பு, மழைக்கு அப்புறம் எதுவும் இல்லை என்றார்.
ஒருவர் தன் மச்சானைத் திட்டினார், காரணம் புரியவில்லை.

வெள்ளையன் என்பவர் மட்டும் பேசவில்லை.
கையை வேட்டியில் துடைத்துவிட்டு
பட்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.
ஸ்பீக்கரில் போட்டு மூட்டையின் மேல் வைத்தார்.
மணி போனது.
நாங்கள் இருவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மறுபடி மணி போனது.
பிறகு தூக்கக் குரலில் ஒரு பெண்,
அவளுக்குப் பின்னால் ஒரு சேவல்:
"என்ன, வண்டி கவுந்துடுச்சா?"
"இல்ல. டவர் பாத்தேன். படு."

அரசாங்கத்து சிம். ஒற்றைக் கோடு.
கோடு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு புள்ளி.
ஒரு எண்ணை அனுப்ப அது போதும்.

ஹபீப் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது,
யாரும் கேட்பதில்லையாம்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ்.
இவர்கள் காலண்டரில் எல்லா மாதமும் பிப்ரவரி.
மறக்காமலிருக்க, பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில்
குளிர்பெட்டிக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு, வியாசர்பாடியில்,
மாடிக்கு மேலே ரயில் கத்திக்கொண்டு போகும்போது
போன் ஒருமுறை மினுங்கும்.
"யாரு இந்நேரத்துல?" என்பார் வீட்டுக்காரர், புரண்டு.
நாலு புள்ளி ஆறு என்பேன்.
அவர் அதற்குள் தூங்கியிருப்பார்.