மனை எண் 114

ஓசூருக்கு வெளியே அந்த ஓடுதளத்தில்
விமானம் இறங்கி எத்தனை வருஷமோ.
வெடிப்புகளில் தும்பை பூத்திருக்கும்.
ஞாயிறு காலை ஆறு மணிக்கே
ஏழு கிரிக்கெட் ஆட்டம்.
ஓர் ஆட்டத்தின் பந்தை இன்னோர் ஆட்டத்தான் பிடித்துவிட,
அவுட்டா இல்லையா என்று
தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை.

வடகோடியில் முனிராஜு ராகி காயவைத்திருப்பார்.
அதைச் சுற்றித்தான் ஸ்கூட்டர் பழகினேன்,
நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு.
பின்னால் நாகவேணி:
"பிரேக்கைப் பிடிடி, பிரேக்கை!"
பிடித்தேன். ராகிக்குள்.
முறத்தோடு ஓடிவந்தவர்
திட்டிக்கொண்டே என் முழங்காலைப் பார்த்தார்,
பிறகுதான் தானியத்தை.

போன மாதம்
முக்காலியை நட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்த சர்வேயரிடம்
"அண்ணா, ஓவர் முடியட்டும்" என்றார்கள் பையன்கள்.
நின்றார். இரண்டு பந்து மிச்சம்.
நோபாலில் ஒன்று கூடியது.

இப்போது சிவப்பு எண் எழுதிய கற்கள்.
ஸ்டம்ப் தேடும் வேலை மிச்சம் என்று
பையன்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை:
மாதம் நாலாயிரம், பதினெட்டுத் தவணை கட்டியாயிற்று,
ஹாஸ்டல் வாசலில் நோட்டீஸ் கொடுத்தவனிடம்.
"பஸ் ஸ்டாண்டுக்குப் பத்தே நிமிடம்"
என்று மட்டும்தான் அதில் இருந்தது.
வரைபடம் நேற்றுதான் வந்தது.

கிழக்குப் பார்த்த மனை.
கல்லைத் தேடிப் போனேன்.
அதன்மேல் யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.
நாலடி தள்ளி
கறுப்பாய் ஒரு கோடு,
என் டயர் தேய்த்தது.

"அக்கா, ஓரமா நில்லுங்க,
அது பிட்ச்."

நகர்ந்து நின்றேன்,
113இல்.