பெயரில் ஒரு கீற்று

கார்க் நகரில் அக்டோபர். மழை விழவில்லை,
காற்றிலேயே நின்றுகொண்டிருக்கிறது.
இரவு பதினொன்று இருபதுக்குத் தொலைபேசியில்
ஃபாக்ட்னா ஓ'டிரிஸ்கால் கேட்டார்:
"நான் என்னம்மா, கொள்ளைக்காரனா?"

தீவிலிருந்து காலை முதல் படகுக்கு
ஓர் ஆள், ஓர் இழுவண்டி, ஒரு செம்மறிக் கிடா.
ஸ்கிபரீன் சந்தையில் பத்து மணிக்கு ஏலம்.
பெயரை அடித்துப் பொத்தானை அழுத்தினால்
வெள்ளைத் திரையில் 403.
ஆறு முறை.
ஏழாவது முறை கிடாவின் பெயரைக் கொடுத்தாராம்.
பயணி: பிஷப்.
உடனே சீட்டு வந்துவிட்டது.

பதிவுகளைத் திறந்தேன்.
தீச்சுவரில் நேற்று மதியம் ஏறிய விதி.
ஏற்றியவள் நான்தான்.
ஒற்றை மேற்கோள் எங்கே தென்பட்டாலும்
பூட்டை நெம்ப வந்த கம்பி என்று கொள்;
தடு.
திருடர்கள் அப்படித்தான் வருவார்கள், பொய்யில்லை.
பெயர்ப் பெட்டிக்குள் ஒரு கீற்றைச் செருகி
நம் வாக்கியத்தைப் பாதியில் ஒடித்து
மிச்சத்தைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் அந்தத் தீவில் பாதிப் பேர் ஓ'டிரிஸ்கால்.
மீதியில் ஓ'ரீகன், ஓ'நீல்.
எங்கள் ஓவின் தலைமேல் நின்ற கோடு அது.
எவனோ ஒரு குமாஸ்தா, கேட்பாரில்லாமல்,
பக்கத்தில் இறக்கிவைத்தான் என்பார் என் அப்பா.
அன்றிலிருந்து அங்கேயே கிடந்தது, யாரையும் கடிக்காமல்.
நேற்றுத்தான் நான் அதற்குப் பல் கட்டினேன்.

பொத்தான்களால் திருத்தும் பக்கம் ஒன்று உண்டு.
தூக்கக் கலக்கத்தில் அதை நம்புவதில்லை நான்.
ஏபிஐ வழியாகக் கேட்டேன்: இருப்பதை எல்லாம் கொடு.
சுருள் அடைப்புகளுக்குள் நாற்பத்தோரு விதிகள்,
அடியில் ஒரு டோக்கன், முப்பத்தாறு எழுத்து:
இந்த நொடியில் நீ கண்டது இதுதான் என்பதற்குச் சாட்சி.

இங்கே ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை.
வாங்கிய மொத்தத்தையும் திருப்பித் தரவேண்டும்.
ஒன்றை அனுப்பினால் ஒன்றுதான் மிஞ்சும்,
நாற்பதும் சத்தமில்லாமல் போய்விடும்.
மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை.
மார்ச்சில் ஃபின்பார் செய்தான்.
ஞாயிறு முழுக்கக் கதவில்லாத வீட்டில் குடியிருந்தோம்.

பதினேழாம் விதியில் எழுதினேன்:
குடும்பப்பெயர்ப் பெட்டி என்றால்,
முன்னும் எழுத்து பின்னும் எழுத்து
நடுவில் ஒன்றே ஒன்று என்றால்,
விடு.
அனுப்பினேன்.

டோக்கன் பழையது என்றது.

நான் கீற்றுகளை எண்ணிக்கொண்டிருந்த நாலு நிமிடத்தில்
கடான்ஸ்க் அலுவலகத்தில் போகுமிலா
உண்மையான திருடர்களைப் பார்த்திருக்கிறாள்,
கட்டணப் பக்கத்தில், கூட்டமாக.
ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாள்.
அந்தச் சாட்சி மட்டும் இல்லாவிட்டால்
அதை அழித்திருப்பேன்,
ஒரு நல்ல காரியம் செய்யும் நினைப்போடு.

மறுபடி கேட்டேன். நாற்பத்திரண்டு.
மறுபடி பதினேழைத் திருத்தினேன். அனுப்பினேன்.
200.

"ஒரு நிமிடம் பொறுங்கள்," என்றேன்,
"உலகம் முழுக்கப் போய்ச் சேரவேண்டும்."
"உலகம் எதற்கு? எதிர்க்கரைக்குப் போனால் போதுமே."
ஒரு விரலால் அடிக்கும் சத்தம்.
பின்னால் டிவியில் புயல் எச்சரிக்கை.
பிறகு, "ஆ."
கிடாவின் சீட்டை ரத்து செய்யட்டுமா என்றேன்.
"இருக்கட்டும். காசு கொடுத்தாயிற்று."

போனை வைத்த பிறகும் பதிவுகள் திறந்தே கிடந்தன.
நேற்று மதியத்திலிருந்து நூற்றுப் பதினெட்டு மறுப்புகள்.
அழைத்தவர் ஒருவர்.

மாலை 4:52லிருந்து ஒரு நுவாலா ஓ'ரீகன்.
ஒன்பது முறை.
நடுவில் பதினோரு நிமிட இடைவெளி; தேநீராக இருக்கலாம்.
பத்தாவது முறை
அந்தக் கீற்றை எடுத்துவிட்டு
ஓரீகன் என்று ஒட்டி எழுதியிருக்கிறாள்.

அனுமதித்திருக்கிறது என் விதி.