கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில்

முதலாவது டின், பேலியகொடையில்
மீன் இறக்கி முடிய,
ஐஸ் தண்ணி வழிகிற பலகையில் குந்தியிருந்து.
இரண்டாவதை எங்கே குடித்தேன் என்பது
பில்லில் இருக்கும்.
மூன்றாவதைக் கலேவெலவில் உடைத்தேன்.
இருமல் பாணியில் சீனி கரைத்த ருசி.
றினோஸ் வாங்கி மணந்துவிட்டுத் திருப்பித் தந்தான்:
"அண்ணன், இது குடிக்கிறதா
பெட்டரிக்கு ஊத்துறதா?"

கால்மணித்தியாலம்.
பிறகு யாரோ உடம்புக்குள் நடந்துபோய்
அறை அறையாக லைட்டைப் போடுகிறார்கள்,
ஆள் இல்லாத அறைகளிலும்.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒன்றில் வாளி விட்டால் இளஞ்சூடு,
பக்கத்துக் கிணற்றில் கைவைக்க ஏலாது.
தம்புள்ளை தாண்ட என் உடம்பும் அப்படித்தான்.
காதுமடல் கொதிக்கிறது.
ஸ்டியரிங் பிடித்த விரல்நுனி
கொட்பேத் துறைமுகத்து ஐஸ்.
நாக்கு கருவாடு,
அடிவயிறு மட்டும் மாரிகாலம்;
ஹபரணைக்குள் இரண்டு தரம் இறங்கினேன்.
லொறி நாலாம் கியரில் ஓட
நெஞ்சு இரண்டாம் கியரில் உறுமுகிறது.
நடுவில் ஒரு துடிப்பைத் தவறவிட்டு
பதறி
அடுத்ததை உதைத்து அடிக்கிறது,
பிந்திய டிரைவர் மாதிரி.

நித்திரையை அடைவு வைக்கிறியள் என்பாள் சுகிர்தா.
அவளுக்கு அடைவுகடை தெரியும்.
நாலு வருசமாய் ஒரு சோடிக் காப்பு அங்கே.
வட்டி கட்டி வட்டி கட்டி
காப்பில் பூவா கொடியா என்பதே
மறந்துபோயிற்று இருவருக்கும்.

கந்தளாய் பொலிஸ் சந்தி நினைவிருக்கிறது:
பூட்டிய ஹோட்டல், வாசலில்
மூன்று காலில் நின்று சொறிந்த நாய்.
அடுத்தது தம்பலகாமச் சந்தி.
வெளிச்சம். வயலில் கொக்கு.

"என்னடா, கெதியா வந்திட்டம்?"

றினோஸ் என் முகத்தை
ரயர் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"யானைக்கு நிண்டது?"
எந்த யானை?
"தாயும் குட்டியும், அண்ணன்.
லைட்டை நூத்துப்போட்டு நிண்டமே.
குட்டி திரும்பி வந்து பம்பரை மணந்திச்சு.
நீங்கதானே சொன்னீங்க
மூச்சு விடாத எண்டு."

நான் சொன்னேனாம்.
கண் திறந்துதான் இருந்ததாம்.
கை வந்திருக்கிறது, கால் வந்திருக்கிறது,
குரல்கூட வேலைக்கு வந்திருக்கிறது.
அப்படியென்றால் அந்த மூன்று டின்னும்
எழுப்பி வைத்தது யாரை?
சீனன்குடா வரைக்கும் அவனோடு
நான் ஒன்றும் கதைக்கவில்லை.
அவன் சலவாத்து ஓதிக்கொண்டு வந்தான்,
எனக்குக் கேட்காது என்ற நினைப்பில்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட
நடுத்தாரில் ஒரு பெண்மான்
காலை மடித்து நித்திரை.
வாயோரம் சொப்பிங் பையின் துண்டு.
ஹோர்னில் கை வைத்தேன், அடிக்கவில்லை.
பொறாமையாக இருந்தது.
இஞ்சினை அமத்தாமல் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
வெட்டி எடுத்தேன்.

பன்னிரண்டுக்கு கொட்பேயில் படகு வரும்.
முதலாளி ஏழு மணிக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டார்.
எட்டுக்குப் படுத்தேன். ஒன்பது.
நுளம்புவலைக்குள் சூரை மணம்.
இமையை மூடினால் உட்பக்கத்தில்
வெள்ளைக்கோடு ஓடுகிறது, வெட்டி வெட்டி.
ஒவ்வொரு இருட்டு வளைவிலும்
நான் காணாத ஒரு குட்டி.
வலதுகால் பாயைத் துழாவுகிறது
பிரேக்கைத் தேடி.

சுகிர்தா அரிசி களைந்த ஈரக்கையோடு வந்து
பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை. குறுக்கே படுத்து
தன் பாதத்தை
என் பாதத்தின் கீழே வைத்தாள்.

அமத்தினேன்.

கொஞ்சம் தள்ளிப்போய்
நின்றது வீடு.