கரடிப்போக்கில் ஒரு பில்ட்

கீழே ரயர் கடையின் கொம்பிறசர் உறுமும்போதெல்லாம்
எங்கள் மேசையில் மொனிற்றர் நடுங்கும்.
மாடியில் மூன்று பேர், இரண்டு யு.பி.எஸ்.,
நெற்சங்கங்களுக்கு நாங்கள் எழுதிய ஒரு மென்பொருள்:
வட்டக்கச்சியில் மூட்டை தராசில் ஏறினால்
முரசுமோட்டையில் பற்றுச்சீட்டு அடிக்கும்.

சோதனைகள் எல்லாம் பச்சை.
ஒவ்வொரு இரவும் பச்சை, நானூற்றுப் பன்னிரண்டும்.
ஆனால் ஆறாம் நாள் பின்னேரம் சேர்வர் விழும்,
ஒரு முனகல்கூட இல்லாமல்.
காலபோக நெல்லோடு லாண்ட்மாஸ்ரர்கள்
மதகடிவரைக்கும் வரிசையில் நிற்கும்.
சங்கத் தலைவர் எடுப்பார்:
"தம்பி, உங்கட சாமான் திரும்பப் படுத்திட்டுது."
எழுப்பிவிடுவோம். எழும்பும். இன்னுமொரு ஆறு நாள்.

எங்கள் சோதனை எதுவும்
ஏழு நிமிடத்துக்குமேல் உயிரோடிருந்ததில்லை.
சரியா பிழையா என்று கேட்டோம்.
எவ்வளவு தின்றாய், எதைத் திருப்பித் தந்தாய்
என்று ஒருநாளும் கேட்டதில்லை.

டினோஷன்தான் சொன்னான்:
"குளத்துக்கு அளவுத்தடி இருக்கு,
அடி, அங்குலம் பார்த்துத்தானே கதவு திறக்கிறாங்கள்.
எங்கட வாய்க்காலிலும் ஒண்டு நடுவம்."
"பைப்லைன் எண்டு சொல்லு" என்றாள் கோமகள்.
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.
அதன்பிறகு பைப்லைன் என்றே சொன்னோம்.

நட்டோம்.
ஒவ்வொரு கொமிற்றுக்கும் பில்ட் முடிய, சோதனை முடிய,
ஐயாயிரம் பொய் மூட்டைகளை நிறுக்கவைத்து
முன்னும் பின்னும் மெமரியைப் படமெடுத்து
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கும்.
மிச்சம் எட்டு மெகாபைற்றைத் தாண்டினால் சிவப்பு.
ஏன் எட்டு என்று கேட்காதீர்கள்,
ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது.

முதல் இரவே சிவப்பு.
முப்பத்தொரு மெகாபைற்.
ஏழு நிமிட பில்ட் இப்போது பத்தொன்பது நிமிடம்,
அதற்குள் கரண்ட் ஒருதரம் போய் வந்தது,
டினோஷன் அலுத்துப்போய் றோல்ஸ் வாங்க இறங்கிவிட்டான்.

கோமகள் பட்டியலை இறக்கினாள்.
விடுபடாத பொருட்கள். பெயர், எண்ணிக்கை, எடுத்த நேரம்.
ஒன்றைத் தொட்டால்
அதைப் பிடித்திருப்பது எது,
அதைப் பிடித்திருப்பதைப் பிடித்திருப்பது எது என்று
கை கையாய்ப் பின்னால் போய்
வேர்வரைக்கும் காட்டும்.
அவள் ஒரு மூட்டையைத் தொட்டாள்.
ஐந்து கைகள். ஐந்தாவது என்னுடையது:
மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய கேட்பான்,
தொடர்பறுந்த தராசு திரும்ப இணையும் என்று
காது வைத்துக்கொண்டிருப்பது.
அந்தத் தராசைச் சங்கம் எப்போதோ
பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது.
அதற்குத் தெரியாது.
வந்தால் கொடுக்கவேணும் என்று
ஒவ்வொரு மூட்டையின் கணக்கையும்
சேர்த்துக்கொண்டேயிருந்தது.

கோமகளின் அம்மா மாதக் கடைசியில்
லமினேற் பண்ணின படத்தோடு
கந்தசுவாமி கோயிலடிக்குப் போகிறவர்.
நாங்கள் அதைப்பற்றி ஒபிஸில் கதைப்பதில்லை.

"இது பரவாயில்லை" என்றாள்,
"ஆர் வைச்சிருக்கினம் எண்டு கேட்டா, சொல்லுது."

கீழே கொம்பிறசர் உறுமியது. மொனிற்றர் நடுங்கியது.

ஒரு வரிதான் அழிக்கவேண்டியிருந்தது.
கொமிற் செய்தியில் நான்
'காத்திருப்பு நீக்கப்பட்டது' என்று அடித்தேன்.
கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்து அதை அழித்து
'விற்ற தராசின் கேட்பான் நீக்கம்' என்று எழுதினாள்.
"சரியா எழுது. பிறகு தேடுறவைக்கு விளங்கவேணும்."

பத்தொன்பது நிமிடம்.
றோல்ஸ் ஆறிப்போய் வந்தது.
ஒன்று தசம் இரண்டு மெகாபைற். பச்சை.
எட்டுக்கு எவ்வளவோ கீழே, இனிக் காணும் என்றான் டினோஷன்,
மிச்ச ஒன்று தசம் இரண்டை நாளைக்குப் பார்ப்பம்.
கோமகள் ஏற்கெனவே
பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தாள்.