ஆர் முப்பத்திரண்டு

டாக்டர் ஓஸ்ட்பெர்க் எழுதியிருப்பது இவ்வளவுதான்:
கசிகிறது.
எப்போது, எதனால், எவ்வளவு,
ஒன்றுமில்லை.
பெண், வயது எழுபத்தாறு, நாளுக்கு நான்கு பேட்.
பரிசோதனையில் சொல்லும்படி ஏதுமில்லை.

மொன்டானாவில், அனகோண்டா ஊரில்,
நிலவறையில் வாஷிங் மெஷின் பக்கம் மேசை போட்டு
ஐலீன் செர்ட்டிச் பகலெல்லாம்
அடுத்தவர் உடம்பை எண்ணாக்குகிறாள்.
தும்மலுக்கு ஓர் எண். தூங்காத இரவுக்கு ஓர் எண்.
வாத்து கடித்தால்கூட எண் இருக்கிறது,
இருபது வருடத்தில் ஒருமுறையும் போட வாய்க்கவில்லை.

கசிவென்றால் எந்தக் கசிவு?
இருமும்போது சிந்துவது ஒன்று.
குழாய்ச் சத்தம் கேட்டதும் முட்டிக்கொண்டு வருவது ஒன்று.
தூக்கத்தில் போவது, போனதே தெரியாமல் போவது,
முடித்து எழுந்த பின்னும் சொட்டுவது.
முழங்கால் ஒத்துழைக்காமல்
கழிவறை எட்டாமல் போவது,
அதில் சிறுநீர்ப்பைமேல் குற்றமில்லை, அதற்குத் தனி எண்.
எதையும் சொல்லாவிட்டால்
ஆர் முப்பத்திரண்டு.
ஆரோ ஒருத்தி. ஏதோ ஓர் ஈரம்.

அதைப் போட்டு அனுப்பினால்
காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பும்.
இடுப்புத் தசைப் பயிற்சிக்குப் பணம் வராது.
எனவே ஒரு கேள்வி போகிறது டாக்டருக்கு.
கேள்விக்கும் ஒழுங்குண்டு, பதிலை வாயில் ஊட்டக் கூடாது.
எல்லா வகையையும் அடுக்கி
கடைசியில் 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை'
என்று இரண்டு கட்டம்.

அனுப்பிவிட்டுக் கோப்பை மறுபடி படிக்கிறாள்.
புகை: இல்லை. மது: எப்போதாவது. பிரசவம்: மூன்று.
தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு.
முப்பத்தோரு வருடம், ஏரிச் சாலைத் தடம்.

ஏரிச் சாலைக்கு ஓடியது ஒரே பேருந்து.
பதினான்காம் எண்.

பிப்ரவரி. ஐலீனுக்கு ஏழு வயது.
பனி வாரும் வண்டிக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.
தொடையை இறுக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னாள்.
ஏழேழு நாற்பத்தொன்பதில்
பச்சை ரெக்சின் சுட்டது. பிறகு குளிர்ந்தது.
பின்வரிசைப் பையன்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.
முன்கண்ணாடியில் இரண்டு கண்கள்.
கை பிரேக் இழுபடும் ஓசை.
பிளாஸ்கோடு இடைவழியில் வந்தவள்
தடுக்க ஏதுமில்லாத இடத்தில் தடுக்கினாள்.
ஆறிய காப்பி முழுதும்
இருக்கையில், கால்சட்டையில், பூட்ஸுக்குள்.
"ஐயோ, என் கை! உருப்படாத கை!"
பேருந்து முழுக்கக் கேட்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.
அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.
கண்ணடிக்கக்கூட இல்லை.

பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொன்னது:
எழுதாதது நடக்காதது.

ஐலீன் எழுந்து ஈரத் துணியை
உலர்த்தியில் போடுகிறாள்.
தொலைபேசியில் கூப்பிடக் கூடாது, சட்டம்.
பெயரை உரக்கச் சொல்லக் கூடாது,
வீட்டில் நாயைத் தவிர யாருமில்லை என்றாலும்.
தனக்குத் தெரிந்ததை வைத்து
எண் போடவே கூடாது.

ஆறாம் நாள் பதில் வந்தது.
பனி வாரும்போது. படி இறங்கும்போது.
கணவரின் அடக்கத்தன்று
இருமலை அடக்கி, அடக்கி, முடியாமல் போனபோது.
வீட்டுச் சாவி பூட்டுக்குள் நுழைந்த கணமே.
இரு வகையும், கலந்து.
டாக்டர் இம்முறை
நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

என் முப்பத்தொன்பது
புள்ளி நான்கு ஆறு.
வழக்கமில்லாமல் வாய்விட்டுச் சொல்கிறாள்.
என்.
நாய் தலை தூக்கிப் பார்க்கிறது.

அடுத்த கோப்பு.
ஆண், ஐம்பத்திரண்டு, உறைபனியில் வழுக்கி
மணிக்கட்டு முறிவு.
இடதா, வலதா,
எழுதவில்லை.