ஆறாவது மொழி

ஷஹானியா. பந்தயத் தடத்துக்குப் பின்னால்
காவல் நிலையத்து முன்னறை.
அரபி, உருது, வங்காளம், பலூச்சி பார்த்தாயிற்று.
சிங்களத்தில் கேட்டவர்
கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார்.
ஆறாவதாக என்னைக் கூப்பிட்டார்கள்,
டைப்பிங் சென்டரில் விசாப் படிவம் நிரப்பும்
காயல்பட்டினத்து மொகுதூமை.

குழந்தை மூலையில் படுத்திருந்தது.
முன்னால் முழங்கால், பிறகு இடுப்பு;
மடிகிற வரிசையே வேறு.
ஆறு வயதிருக்கலாம். பதினாறு கிலோ.
சவாரிக்கென்று வாங்கி
விழுந்து கால் கோணியபின்
கடைசிப் பட்டியில் விட்டுவிட்டார்களாம்.
மூன்று கோடை. முதலாளி நாட்டிலேயே இல்லை.
"ஷம்மாதான் வளர்த்தது" என்றார் சூடானி இத்ரீஸ்,
ஒரு கிழட்டு ஒட்டகத்தைப்
பெற்றவளைச் சொல்வதுபோல்.
அதன் மடியில் பிள்ளை வாய் வைத்ததைக்
கண்ணால் கண்டேன் என்றார்.
கண்டும் ஏன் பேசாதிருந்தீர் என்று
யாரும் கேட்கவில்லை. நானும்.

"சாப்பிட்டியா" என்றேன்.
வேறென்ன கேட்க வரும் நமக்கு.
பேரென்ன. எந்த ஊர்.
அம்மா என்று சொல்லிப் பார்த்தேன், பிறகு உம்மா என்று,
துருப்பிடித்த பூட்டில் சாவி விடுகிற மெதுவில்.
எழுந்து வந்து என் சட்டைக் கையை முகர்ந்தது.
வேர்வை, மீன் சால்னா, அச்சு மை.
தொண்டைக்கும் அடியிலிருந்து
ஒரு சத்தம் போட்டது.

படிவத்தில் 'தாயின் பெயர்' என்றொரு கட்டம்.
அதிகாரி பொறுமையாக இருந்தார்.
அந்தச் சத்தத்துக்கு எனக்கு எழுத்து அகப்படவில்லை.
உயிரில் இல்லை. மெய்யில் இல்லை.
மூன்று புள்ளி வைத்தேன்: ஃ
தனிநிலை என்று பள்ளியில் சொல்லித் தந்தது.
"இது எந்த பாஷை?"
"என்னுடையதுதான், ஐயா."

இவ்வளவு நேரமும்
படுத்திருந்தது, முகர்ந்தது என்றே சொல்லி வருகிறேன்.
தமிழில் அது குற்றமில்லை.
குழந்தை அழுதது, குழந்தை தூங்கியது.
எல்லாப் பிள்ளையும் அஃறிணையில்தான் இறங்குகிறது
(அந்தச் சொல்லுக்குள்ளும் அதே மூன்று புள்ளி),
ஒருநாள் அவனாக, அவளாக ஏறுகிறது.
எந்த நாள், யார் கைகொடுத்து ஏற்றுகிறார்கள்,
இலக்கணம் சொல்வதில்லை.
ஐந்து வருடம் கழித்து ஊர் போனபோது
என் மகள் கதவைப் பாதி திறந்து
உள்ளே திரும்பிக் கேட்டாள்:
"உம்மா, அது யாரு?"

காப்பகத்தில் கட்டில் கொடுத்தார்கள்.
ஏசி உறுமுகிற சுவராகப் பார்த்து
தரையில் முதுகை ஒட்டிப் படுத்ததாம்.
அந்த உறுமல் நின்றால் விழித்துக்கொள்ளுமாம்.
நர்ஸ் ஜெசிந்தா சொன்னாள்,
நாகர்கோவில்காரி, எதற்கும் அசராதவள்.
ஷம்மா நான்கு நாள் தீனி தொடவில்லை,
சாலையைப் பார்த்தே நின்றது என்றார் இத்ரீஸ்.
ஐந்தாம் நாள் லாரி வந்தது.
எங்கே போயிற்று என்று சொல்லவில்லை.

குளிர் தொடங்கியதும் பேரீச்சை வாங்கிப் போனேன்.
ஷூ போட்டிருந்தான்.
சாலிம் என்று பேர் வைத்திருந்தார்கள்.
சொல்லிக்கொடுத்தபடி வலது கையை நீட்டி
"அஹ்லன்" என்றான்.
ஷம்மா எங்கே என்று கேட்பானோ என்று
ராத்திரியெல்லாம் ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தேன்,
அதை எந்த மொழியில் சொல்வேன் என்று யோசிக்காமல்.
கேட்கவில்லை.
கொட்டையைத் துப்பக்கூடப் பழகியிருந்தான்.

கிளம்பும்போது குனிந்து உச்சி முகர்ந்தேன்.
நம்மிடம் இன்னும் மிச்சமிருக்கிற
ஒரு மிருகப் பழக்கம்.
ஷாம்பூ.
ஷாம்பூவுக்கு அடியில் கொஞ்சம் பட்டி.
அசையாமல் நின்றான்.
கழுத்தை மட்டும் இலேசாகத் தாழ்த்தி,
முகர வாகாக.